மின் ஸ்கூட்டருக்கும் மின் சைக்கிளுக்கும் ஹெல்மெட்: தலையை அளப்பது முதல் ஸ்ட்ராப்பை வெட்டிப் போடுவது வரை

ஹெல்மெட் கடையில் முதலில் கண்ணில் படுவது கலர், அடுத்தது விலை. வாங்க வேண்டிய வரிசை வேறு. முதலில் வண்டி என்ன வேகம் போகும் என்று பார்க்க வேண்டும். பிறகு தலையின் சுற்றளவும் வடிவமும். அதன்பின் காற்றோட்டம். கலரும் டிசைனும் கடைசி. கடைசி என்பதால் அழகு வேண்டாம் என்று அர்த்தமில்லை. நெற்றியை அழுத்துகிற ஹெல்மெட்டும், போட்டால் நமக்கே பிடிக்காத ஹெல்மெட்டும் இரண்டாவது வாரத்தில் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும். சுகமாக இருந்தால்தான் தலையில் இருக்கும். தலையில் இருந்தால்தான் காப்பாற்றும். இந்த வழிகாட்டி சென்னை மாதிரியான வெயில் ஊரில், வேலைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர மின் வண்டி ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: உங்கள் வண்டி எந்த வகை?

‘எலக்ட்ரிக் பைக்’ என்ற ஒரே பெயரில் மூன்று விதமான வண்டிகள் ஓடுகின்றன. மூன்றுக்கும் ஒரே ஹெல்மெட் பொருந்தாது.

பெடல் மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் மின் சைக்கிள் ஒன்று. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு எண், லைசென்ஸ், ஹெல்மெட் எதையும் சட்டம் கேட்காது. இதற்கு 250 முதல் 400 கிராம் எடையுள்ள நல்ல சைக்கிள் ஹெல்மெட் போதும்.

இரண்டாவது, அதே வரம்புக்குள் வருகிற, ஆனால் பெடல் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரில் ஓடும் குறைவேக ஸ்கூட்டர். சட்டம் இதற்கும் கேட்காது. ஆனால் இது சாலை ஓரத்தில் ஒதுங்கிப் போகிற வண்டி இல்லை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில்தான் போகிறது. எங்கள் கருத்தில் இதற்குக் குறைந்தபட்சம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஓப்பன் ஃபேஸ் (காதை மூடி, முகத்தைத் திறந்து விடும்) ஹெல்மெட் வேண்டும்.

மூன்றாவது, பதிவு எண் உள்ள மின் ஸ்கூட்டர். பல மாடல்கள் மணிக்கு 75 முதல் 90 கி.மீ. வரை தொடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்குமே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. ஸ்ட்ராப் மாட்டியிருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மீறினால் 194-டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. சைக்கிள் ஹெல்மெட் இங்கே செல்லாது. இருசக்கர மோட்டார் வண்டி ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151-இன்படி செய்தது மட்டுமே செல்லும்.

இந்த மூன்றிலும் சேராமல் ஒரு கூட்டம் உண்டு: சைக்கிளில் தனி மோட்டார் கிட் பூட்டி 40 கி.மீ. வேகத்தில் பறப்பவர்கள். பார்க்க சைக்கிள் என்பதால் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொள்கிறார்கள். சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 1078 சோதனையில், ஹெல்மெட் தட்டையான இரும்பின்மேல் வினாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் விழவைக்கப்படுகிறது. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 20 கி.மீ. தலை தரையில் மோதும் வேகமும் வண்டி ஓடும் வேகமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். சாய்ந்து விழுந்தால் தலை கீழே வருகிற வேகம் உயரத்தைப் பொறுத்தது. ஆனால் முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தில் நேராகப் போய் முட்டினால் வண்டியின் வேகம் முழுவதும் கணக்கில் வரும். வேகம் 25-இலிருந்து 45 ஆனால் மோதலின் ஆற்றல் மும்மடங்கைத் தாண்டுகிறது. நெதர்லாந்தில் 45 கி.மீ. போகும் மின் சைக்கிள்களுக்கென்றே என்.டி.ஏ. 8776 என்று தனித் தரம் 2016-இல் கொண்டுவந்தது இதனால்தான். அந்த எண் உள்ள ஹெல்மெட் நம் ஊர்க் கடையில் கிடைப்பது அரிது. கிடைக்காதவர்கள் ஓப்பன் ஃபேஸ் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டுக்குப் போய்விடலாம்.

தலையை அளப்பது

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். புருவத்துக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டு டேப்பை வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்னந்தலையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி முன்னால் கொண்டுவாருங்கள். மூன்று முறை அளந்து, வருவதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் பின்னால் கீழே சரிந்துவிட்டால் ஒரு சென்டிமீட்டர் வரை குறைத்துக் காட்டும்; ஒருவர் பின்னால் நின்று பிடித்தால் நல்லது. வழக்கமாகத் தலையில் துணிக் குல்லாயோ முகத்துணியோ கட்டிக்கொண்டுதான் ஓட்டுவீர்கள் என்றால் அதைக் கட்டிக்கொண்டே அளக்க வேண்டும்.

வந்த எண்ணை மில்லிமீட்டரில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியில் 580 மி.மீ. என்பது எம், இன்னொரு கம்பெனியில் அதே 580 எல். “நான் எப்பவும் எல்-தான்” என்று ஆன்லைனில் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஹெல்மெட்டின் உள்ளே அல்லது பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மி.மீ. அளவு இருக்கும். அதைப் பாருங்கள். உங்கள் அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் முதலில் சிறியதைப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு சில வாரங்களில் அமுங்கித் தளர்ந்துவிடும். அதற்கு அடியில் இருக்கும் தெர்மாகோல் அமுங்காது. ஆகவே பஞ்சு இறுக்கினால் பொறுத்துக்கொள்ளலாம். தெர்மாகோல் இடித்தால் அந்த ஹெல்மெட் உங்களுக்கு இல்லை.

சுற்றளவு சரியாக இருந்தும் வலிப்பது ஏன்? வடிவம் ஒத்துப்போகவில்லை. நீள்வட்டத் தலையில் உருண்டை ஹெல்மெட்டை மாட்டினால் நெற்றியிலும் பின்னந்தலையிலும் அழுத்தும், பக்கவாட்டில் விரல் போகும் அளவு இடைவெளி இருக்கும். உருண்டைத் தலையில் நீள்வட்ட ஹெல்மெட் என்றால் காதுக்கு முன்னால் இருக்கும் நெற்றிப்பொட்டில் அழுத்தி, முன்னும் பின்னும் ஆடும். இதைப் பெரிய சைஸ் சரிசெய்யாது. வலி குறையும், ஆட்டம் கூடும், அவ்வளவுதான். வேறு மாடலோ வேறு கம்பெனியோ பார்ப்பதுதான் வழி.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி வரிசையாகக் கடைகள் உள்ள இடத்துக்குப் போனால் பல கம்பெனிகளை ஒரே நாளில் போட்டுப் பார்க்கலாம். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். அவசரப்படுத்தும் கடையில் வாங்க வேண்டாம்.

ஸ்ட்ராப்பின் இரண்டு பக்கத்தையும் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து விரித்து, நெற்றிப் பக்கமிருந்து மாட்டுங்கள். சரியான சைஸ் உள்ளே போகும்போது காதைக் கொஞ்சம் உரசிக்கொண்டுதான் போகும். தொப்பி மாதிரி சுலபமாக விழுந்தால் பெரியது. முழுமுக ஹெல்மெட் என்றால் கன்னத்துப் பஞ்சு கன்னத்தை உள்ளே தள்ள வேண்டும். பேசினால் கன்னத்தின் உட்பக்கத்தை லேசாகக் கடிப்பதுபோல் இருப்பது நல்ல அறிகுறி.

ஸ்ட்ராப்பை மாட்டிவிட்டு மூன்று காரியம் செய்யுங்கள்.

1. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் அப்படியே நிற்க, ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரியது.

2. பின்பக்க விளிம்பில் கையை வைத்து மேல்நோக்கியும் முன்னோக்கியும் தள்ளுங்கள். கழன்று முகத்தின்மேல் வந்தால் விபத்திலும் அப்படித்தான் வரும். பலர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. ஸ்ட்ராப் எவ்வளவு இறுக்கினாலும் இதில் தோற்கிற ஹெல்மெட்டுகள் உண்டு.

3. கழற்றாமல் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே இருங்கள். விலை பேசுங்கள், போன் பாருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். நெற்றி முழுக்கப் பரவலான தடம் இருந்தால் பரவாயில்லை. ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஒரே இடத்தில் சிவந்திருந்தால், அரை மணி நேரப் பயணத்தில் அது தலைவலியாகும்.

சைக்கிள் ஹெல்மெட்டுக்குச் சோதனை சற்று மாறும். முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரிய, பின்னால் தள்ளிப் போடுவது நம் ஊரில் சகஜமாகப் பார்க்கும் தவறு. முன்பக்கமாக விழுந்தால் நெற்றிதான் தரையைத் தொடும். பின்னால் உள்ள திருகை இறுக்கி, ஸ்ட்ராப் மாட்டாமலேயே குனிந்து பாருங்கள், விழக்கூடாது. இரண்டு பக்க ஸ்ட்ராப்பும் காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். பிறகு வாயை நன்றாகத் திறங்கள். ஹெல்மெட் தலையை லேசாகக் கீழே இழுத்தால் இறுக்கம் சரி.

அரை, ஓப்பன், முழுமுகம், ஃப்ளிப்-அப்

காதுக்கு மேலேயே நின்றுவிடும் அரை ஹெல்மெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போலீஸைப் பார்த்துப் போடுகிற பொருள் அது.

ஓப்பன் ஃபேஸ், நகர ஓட்டத்துக்கு மிகவும் சுகமானது. எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். காற்று முகத்தில் படும், பக்கவாட்டில் பார்வை மறையாது, கடையில் நின்று பேசக் கழற்ற வேண்டியதில்லை. தாடை வரை இறங்கும் நீள வைசர் (முகத்துக்கு முன்னால் இறக்கும் ஒளிபுகும் தகடு) உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தூசியும் பூச்சியும் நிற்கும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: தாடைக்கும் பல்லுக்கும் காப்பு இல்லை. மணலிலோ ஈரத்திலோ முன்சக்கரம் வழுக்கி முகம் குப்புற விழுவது ஸ்கூட்டரில் அபூர்வமில்லை. சென்னையின் ஓ.எம்.ஆர். சாலை, பைபாஸ் என்று தினமும் 60-க்கு மேல் போகிறவர்கள் முழுமுகத்துக்குப் போவதே நல்லது. எடை 1.2 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். சைஸ் சரியாக இருந்தால் கழுத்துக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடக்கூடிய ஃப்ளிப்-அப் இரண்டுக்கும் நடுவில். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு இது வரம். ஆனால் மூட்டும் கொக்கியும் சேர்வதால் எடை கூடும், விலை குறைந்ததில் கொக்கி ஆட ஆரம்பிக்கும். தாடைப் பகுதியைத் தூக்கிவிட்டபடியே ஓட்டுவது அதன் பயனையே இல்லாமல் செய்கிறது.

மின் ஸ்கூட்டரில் கூடுதலாக ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எஞ்சின் சத்தம் இல்லாததால் 50-க்கு மேல் ஹெல்மெட்டின் காற்றுச் சத்தம் நன்றாகவே கேட்கும். வைசர் விளிம்பில் இடைவெளி இருந்தால் ஊதல் போலவே வரும். கடையில் வைசரை மூடி, விளிம்பைச் சுற்றி ரப்பர் சீராக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வெயில்

மே மாதம் சிக்னலில் நிற்கும்போது எந்த ஹெல்மெட்டும் குளுகுளுவென்று இருக்காது. ஓட்டையும் காற்றுவழியும் வண்டி நகரும்போதுதான் வேலை செய்யும். ஆனால் நகரும்போதுகூட வேலை செய்யாத ஹெல்மெட்டுகள்தான் மலிவு ரகத்தில் அதிகம். வெளியே நெற்றியில் திறந்து மூடும் பிளாஸ்டிக் மூடி அழகாக இருக்கும்; உள்ளே தெர்மாகோலில் அதற்கு நேராக ஓட்டையே இருக்காது. கண்டுபிடிப்பது எளிது. கடைக்காரரிடம் சொல்லி உள்பஞ்சைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்துவைத்து, ஹெல்மெட்டின் உள்ளே பார்த்தபடி வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என ஓட்டைகளில் வெளிச்சம் தெரிய வேண்டும். அவற்றை இணைத்துத் தெர்மாகோலில் விரல் அகல வாய்க்கால் ஓடினால் இன்னும் நல்லது: முன்னால் நுழையும் காற்று அதன் வழியாகத்தான் வியர்வையைத் தாண்டிப் பின்னால் வெளியேறும்.

சைக்கிள் ஹெல்மெட்டில் இப்போது ‘அர்பன்’ என்று விற்கும் உருண்டை வடிவம், ஸ்கேட்போர்டுக்காரர்கள் போடுவது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் சின்னச் சின்ன வட்ட ஓட்டைகள் பத்துப் பதினொன்று இருக்கும். உள்ளே வாய்க்கால் பெரும்பாலும் இருக்காது. குளிர் நாட்டுக்கு அது சரி. இங்கே டிசம்பர், ஜனவரி தவிர மற்ற மாதங்களில் வேர்த்து ஊற்றும். நீள வெட்டுகள் உள்ள, முன்னால் சின்ன மறைப்பு வைத்த மாடல் கொஞ்சம் விளையாட்டுக்காரர் போலக் காட்டும், ஆனால் தலை தாங்கும்.

கழற்றித் துவைக்கக்கூடிய உள்பஞ்சு கட்டாயம் வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்க்கும் தலைக்கு இது இரட்டிப்பு முக்கியம். மெல்லிய பருத்திக் குல்லாய் ஒன்றைப் போட்டுக்கொண்டால் வியர்வை பஞ்சுக்குப் போகாது. இரண்டு மூன்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முத்திரை உண்மையா?

ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். அதனால் சாலையோரத்தில் 250 ரூபாய்க்கு விற்பதிலும் முத்திரை ஒட்டியிருக்கும். உண்மையான முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியை இறக்கி, உரிமம் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனியின் பெயர், முகவரி, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பது வரும். ஹெல்மெட்டில் உள்ள பெயரும் திரையில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே செய்யலாம், ஒரு நிமிட வேலை. ஆயிரம் ரூபாய் அளவிலேயே அசல் முத்திரையோடு நல்ல ஓப்பன் ஃபேஸ் கிடைக்கிறது.

கண்ணாடி, பின்னல், மல்லிகைப்பூ

மூக்குக் கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்த்தான் ஹெல்மெட் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டை முதலில் மாட்டி, பிறகு கண்ணாடியின் காம்பை நேராக உள்ளே செருகுங்கள். காம்புக்கென்று பஞ்சில் பள்ளம் விட்ட மாடல்கள் உண்டு. காதுக்குப் பின்னால் அதிகம் வளைந்த காம்பு உள்ளே போகாது. நேர்க்காம்பு ஃப்ரேம் ஒன்றை ஓட்டுவதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

நீண்ட முடி என்றால் பின்னலோ குதிரைவாலோ கழுத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும். உச்சிக் கொண்டை ஹெல்மெட்டைத் தூக்கி நிறுத்திவிடும். பூவை உச்சந்தலையில் வைக்காமல், ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே பின்னலில் வைத்தால் பூவும் நசுங்காது. பிளாஸ்டிக் கிளட்ச் கிளிப்பை ஹெல்மெட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. விழுந்தால் அடி முழுவதும் அந்தப் பற்களின் வழியாக ஒரே இடத்தில் இறங்கும்.

வைசர் கறுப்பாக இருந்தால் பகலுக்கு மட்டும். மாலை ஆறரைக்கு மேல் வீடு திரும்புகிறவர் தெளிவான வைசரை வாங்கி, பகலுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்வதே மேல்.

அழகு

இப்போது கலருக்கு வரலாம். மின் வண்டி சத்தமில்லாமல் வரும். தெருவைக் கடப்பவர் காதால் உங்களைத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு மாதிரி தூரத்திலேயே தெரிகிற கலருக்கு மதிப்பு அதிகம். பிடித்த கலர் கறுப்புதான் என்றால் பின்பக்கம் ஒளி திருப்பும் பட்டை ஒட்டுங்கள். மேட் ஃபினிஷ் வாங்கும்போது பிரமாதமாக இருக்கும். கைபட்ட எண்ணெய்க் கறை அதில் நிற்கும், பாலிஷ் போட முடியாது. பளபளப்பில் கீறல் தெரியும், ஆனால் தேய்த்து எடுக்கலாம். பழைய பாணி வட்ட ஓப்பன் ஃபேஸ், ஒற்றைக் கலரில், பெரும்பாலான மின் ஸ்கூட்டர்களோடு நன்றாகச் சேர்கிறது. டிராகன், மண்டை ஓடு கிராஃபிக்ஸ் ஓராண்டில் அலுத்துவிடும்.

வாங்கும்முன் இன்னொன்று: சீட்டுக்கடியில் கொள்கிறதா என்று உங்கள் வண்டியிலேயே வைத்துப் பாருங்கள். முழுமுகம் சில வண்டிகளில் உள்ளே போகாது, போனாலும் மூடி பூட்டாது.

பின்னால் உட்காருபவர், குழந்தை

பின்னால் உட்காருபவருக்கும் அதே சோதனைதான். பழைய ஹெல்மெட்டை அவருக்குத் தள்ளிவிடும் வழக்கம் வேண்டாம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு 2023 பிப்ரவரி 15 முதல் ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பெல்ட்டும் கட்டாயம். வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. இந்த வயதுக்கு மட்டும், தரம் பெற்ற சைக்கிள் ஹெல்மெட்டை விதி ஏற்றுக்கொள்கிறது. சிறு கழுத்துக்கு அதன் குறைந்த எடைதான் நல்லது. “வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும்” என்று பெரிய சைஸ் வாங்குவது சட்டைக்குச் சரி, இதற்கு இல்லை.

வாங்கிய பிறகு

உள்பஞ்சை மாதம் இருமுறை ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். ஹெல்மெட்டின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் அருகில் வரக்கூடாது. தெர்மாகோலைக் கரைத்துவிடும், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் ஆன வெளிக்கூட்டையும் பலவீனமாக்கும். கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. வண்டிக் கண்ணாடியின் கம்பியில் தொப்பென்று மாட்டினால் அந்த முனை உள்ளிருக்கும் தெர்மாகோலில் குழி போடும். பூட்டிய காரிலும் வெயிலில் நிற்கும் சீட்டின்மேலும் விட்டுவைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வைசரின் உட்பக்கம் மூச்சு படிந்து மங்கினால், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியைத் தடவி, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

தலையோடு ஒருமுறை தரையில் மோதிய ஹெல்மெட்டின் ஆயுள் அத்தோடு முடிந்தது. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், நசுங்கியது திரும்ப எழும்பாது. வெறும் ஹெல்மெட் மேசையிலிருந்து விழுந்தால் அந்த அளவு பயப்பட வேண்டாம், ஆனால் பஞ்சைக் கழற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அடிபடாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் வேண்டாம். தயாரித்த மாதமும் ஆண்டும் உள் ஸ்டிக்கரில் இருக்கும், வாங்கும்போதே அதைப் படித்துவிடுங்கள். தூக்கிப் போடும்போது இரண்டு பக்க ஸ்ட்ராப்பையும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி யாருக்காவது விற்றுவிடுவார்கள்.